“நடந்தீங்களா?” என்று கேட்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள்

கேள்வி: என் கணவருக்கு 59 வயது. கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை உண்டு. போன ஆவணியில் நெஞ்சுவலி வந்து, தஞ்சாவூரில் ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் 40 நிமிடம் நடக்கச் சொன்னார் டாக்டர். ஒன்றரை மாதம் கமலாலயக் குளத்தைச் சுற்றி ஒழுங்காக நடந்தார். ஐப்பசி மழையில் நின்றது. பங்குனியே வந்துவிட்டது, திரும்ப ஆரம்பிக்கவில்லை. சின்ன வயசில் ஆழித்தேர் வடம் பிடித்தவர், இந்த வருஷம் தேருக்கே வரவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் மகன் தினம் பத்தாயிரம் அடி என்று கணக்குக் காட்டும் வாட்ச் அனுப்பினான். அது பீரோவில் கிடக்கிறது. பயமுறுத்தியும் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். சத்தம் போட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார். தெருமுனை டீக்கடை வரை போய்ப் பத்தே நிமிடத்தில் திரும்பிவிடுவார். என்ன சொன்னால் இவர் நடப்பார்? எனக்கும் பிரஷருக்கு மாத்திரை ஓடுகிறது. வீட்டு வேலையே சரியாக இருக்கிறது, அவர் கூடப் போக நேரமில்லை.
— வாசகி, திருவாரூர்

பதில்: இதய நோயாளிகளுக்கு உடற்பயிற்சி அளிக்கும் பிசியோதெரபிஸ்ட், தஞ்சாவூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, “ஒன்றரை மாதம் ஒழுங்காக நடந்தார்” என்ற வரி. நடக்கவே தெரியாதவர், நடக்கப் பிடிக்காதவர் என்றால் அந்த ஒன்றரை மாதமே நடந்திருக்காது. ஆகவே “என்ன சொன்னால் நடப்பார்” என்பதை விட, எது அவரை அப்போது நடக்க வைத்தது, அது ஏன் தீர்ந்துபோனது என்று பார்ப்பதுதான் பலன் தரும்.

அப்போது நடக்க வைத்தது பயம். ஐசியூவில் படுத்துவிட்டு வந்த மனிதருக்கு டாக்டர் சொன்னது வேதவாக்கு. அந்தப் பயம் எல்லாருக்கும் இரண்டு மூன்று மாதம்தான் தாங்கும். வலி போய்விடும், சாப்பாடு இறங்கும், தூக்கம் வரும், ‘அதான் ஸ்டென்ட் வெச்சாச்சே’ என்று மனசு சமாதானமாகிவிடும். அந்த நேரம் பார்த்து ஐப்பசி மழை நாலு நாள் சேர்ந்தாற்போல் அடித்தால் போதும், நடை நின்றுவிடும். எங்களிடம் வருகிறவர்களில் பலருக்கு இதுதான் கதை.

பயமுறுத்திப் பார்த்தேன் என்கிறீர்கள். அது ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு ஓர் ஆய்வையே சொல்கிறேன். 2002-ல் வெளியானது, இங்கிலாந்தில் 248 கல்லூரி மாணவர்களிடம் செய்தது. ஒரு பிரிவினருக்கு, உடற்பயிற்சி செய்யாவிட்டால் இதய நோய் எப்படி வரும் என்று விளக்கும் தாளைக் கொடுத்துப் படிக்க வைத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு அதே தாள். கூடவே, ‘அடுத்த வாரம் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்யப்போகிறேன்’ என்று தங்கள் கையாலேயே எழுத வைத்தார்கள். இதய நோயைப் பற்றி மட்டும் படித்தவர்களில் நூற்றுக்கு 35 பேர்தான் அந்த வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். அந்தத் தாளையே பார்க்காத பிரிவில்கூட ஏறக்குறைய அதே அளவு பேர்தான். நேரமும் இடமும் எழுதியவர்களில் 91 பேர் செய்தார்கள். அவர்கள் இளைஞர்கள், பார்த்ததும் ஒரு வாரம்தான். அதை அப்படியே உங்கள் வீட்டுக்குப் பொருத்த முடியாது. ஆனாலும், ஆபத்தை எடுத்துச் சொல்வதால் மட்டும் யாரும் எழுந்து நடப்பதில்லை என்பதை நானும் தினமும் பார்க்கிறேன். உங்கள் கணவருக்கு ஆபத்து தெரியாதா என்ன? உங்களைவிட அவருக்கு நன்றாகவே தெரியும்.

இங்கேதான் ஒரு விஷயத்தை நீங்கள் யோசிக்க வேண்டும். அவர் நடக்காததற்கும் பயமே காரணமாக இருக்கலாம். இது வேறு பயம். ஒரு தடவை நெஞ்சுவலி வந்தவர்களுக்கு, வேகமாக நடந்து இதயம் படபடவென்று அடித்தாலே ‘மறுபடியும் வந்துடுச்சோ’ என்று தோன்றும். மூச்சு வாங்கினால் தோன்றும். வியர்த்தால் தோன்றும். வெளியே சொல்ல மாட்டார்கள், குறிப்பாக நம் ஊர் ஆண்கள். ‘முட்டி வலிக்குது’, ‘வெயில்’, ‘நாளைக்குப் போறேன்’ என்பார்கள். தேருக்கு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு இந்தச் சந்தேகம்தான் வந்தது. வடம் பிடித்த மனிதர் சோம்பலால் மட்டும் தேரை விடமாட்டார். அந்தக் கூட்டத்தில், அந்த வெயிலில் ஏதாவது ஆகிவிடுமோ என்ற எண்ணம் இருந்திருக்கலாம். நிதானமாக, சண்டை இல்லாத ஒரு நேரத்தில் கேளுங்கள்: “நடக்கும்போது உங்களுக்கு என்ன தோணுது?” இவ்வளவு போதும். பதில் வரும் வரை காத்திருங்கள். அன்றைக்கே வராமலும் போகலாம்.

பயம்தான் காரணம் என்றால், தைரியம் சொல்வதால் அது போகாது. பாதுகாப்பான அளவு எது என்று அவர் உடம்பே அவருக்குக் காட்ட வேண்டும். அதற்கு நாங்கள் சொல்லித்தரும் எளிய அளவுகோல் பேச்சு. நடந்துகொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பாட்டுப் பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் அவருக்குச் சரியானது. பேச்சே தடுமாறினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். பாட்டே பாடலாம் என்றால் இன்னும் கொஞ்சம் எட்டிப் போடலாம். ஸ்டென்ட் வைத்த பலருக்கு இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை கொடுத்திருப்பார்கள். அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு நடந்தாலும் நாடித் துடிப்பு அவ்வளவாக ஏறாது. ஆகவே வாட்ச் காட்டும் துடிப்பை வைத்து அவர் நடை சரியா தவறா என்று சிங்கப்பூரிலிருந்து மகன் சொல்ல வேண்டாம். பேச்சு அளவுகோல் அதைவிட நம்பகமானது.

வாட்ச்சைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் அந்தப் பத்தாயிரத்தையும் சொல்லிவிடுகிறேன். அது மருத்துவர்கள் கண்டுபிடித்த எண் இல்லை. 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக் நடந்த சூட்டில், அடுத்த வருஷம் ஜப்பானில் அடிகளை எண்ணும் ஒரு கருவி விற்பனைக்கு வந்தது. அதன் பெயரே ‘பத்தாயிரம் அடி மீட்டர்’. அந்தப் பெயர்தான் உலகம் முழுக்கப் பரவி இலக்காகிவிட்டது. 2019-ல் அமெரிக்காவில் சராசரியாக 72 வயதுள்ள ஏறக்குறைய 17,000 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு வெளியானது. ஒரு நாளைக்கு 2,700 அடி நடப்பவர்களைவிட 4,400 அடி நடப்பவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் போனதில் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. நெஞ்சுவலி வந்து, பல மாதம் உட்கார்ந்தே இருந்த ஒருவருக்கு எடுத்த எடுப்பில் பத்தாயிரம் என்றால், தினமும் ராத்திரி அந்த வாட்ச் ‘நீ தோத்துட்டே’ என்றுதான் சொல்லும். பீரோவுக்குள் வைத்ததில் ஆச்சரியம் இல்லை. மகனுக்கு அப்பா மேல் இருக்கும் அக்கறை புரிகிறது. அடுத்த தடவை போனில் எத்தனை அடி என்று கேட்பதற்குப் பதிலாக, குளத்தங்கரையில் யாரைப் பார்த்தீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.

சரி, பயம் இல்லை, இலக்கும் பெரிதில்லை. அப்புறம் எதற்காக நடப்பார்? இது எளிதான கேள்வி இல்லை. நம் பக்கத்தில் ஒரு தலைமுறைக்கு முன்னால் யாருக்கும் இந்தக் கேள்வியே வரவில்லை. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தால் வரப்பு வெட்ட, நாற்று பறிக்க, களை எடுக்க, கட்டுச் சுமந்து களத்துக்கு வர, உடம்பு தானாக ஓடியது. இன்றைக்கு நடவுக்கு இயந்திரம், அறுப்புக்கு இயந்திரம், பக்கத்துத் தெருவுக்குப் போக பைக். வேலை செய்யும் உடம்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பு முதலில் தெரியவந்ததே ஒரு பஸ்ஸில்தான். லண்டனில் மாடி பஸ் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் ஒப்பிட்டு, 1953-ல் வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, நாள் முழுக்கப் படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. அவர்கள் யாரும் இதயத்துக்காகப் படி ஏறவில்லை. வேலைக்காக ஏறினார்கள். உங்கள் கணவருக்குச் சங்க வேலையும் போய், அதோடு போய்வந்த நடையும் போய்விட்டது. அந்த இடத்தில் வேறொன்று வர வேண்டும்.

அது என்ன என்பதை அவர்தான் சொல்ல முடியும். எங்களிடம் ஒரு கல்யாண சமையல்காரர் வந்தார். பைபாஸ் ஆனவர். ‘ஆயுள் கூடும்’ என்று நாங்கள் சொன்னதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. மறுபடி அடுப்படியில் நாலு மணி நேரம் நிற்க வேண்டும், தன் ஆட்களை முன்னால் நின்று வேலை வாங்க வேண்டும். இதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அதைச் சொன்ன நாளிலிருந்து ஒரு வகுப்பையும் அவர் விடவில்லை. இன்னொரு அம்மாவுக்கு, சுவாமிமலையின் அறுபது படியையும் நடுவில் உட்காராமல் ஏற வேண்டும். இரத்தக்குழாய், கொழுப்பு, எல்.டி.எல். என்று நாங்கள் பேசிய எதுவும் அவருக்கு நினைவில்லை. அறுபது மட்டும் நினைவிருந்தது. வீட்டிலேயே மூன்று படி, ஐந்து படி என்று ஏறிப் பழகினார். ஆரோக்கியம் என்பது எப்போதோ வரப்போகும் பலன். அடுப்படியும் படிக்கட்டும் இன்றைக்குக் கண்ணுக்குத் தெரிகிற காரணம். மனிதர்களை எழுப்பி நடக்க விடுவது இரண்டாவதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் கணவருக்கு அது தேராக இருக்கலாம். வடம் பிடிப்பது இப்போதைக்கு வேண்டாம். மூச்சை அடக்கித் தம் கட்டி இழுக்கும்போது பிரஷர் சட்டென்று ஏறும். ஆனால் அடுத்த பங்குனியில் தேரோடு கூடவே நாலு வீதியும் நடந்து வருவதற்கு உடம்பைத் தயார் செய்வது நியாயமான இலக்கு, டாக்டரும் சம்மதித்தால். தேர் என்று நீங்களே முடிவு செய்து அவரிடம் சொல்லிவிடாதீர்கள். வயலைப் போய்ப் பார்ப்பதோ, பேரப்பிள்ளைகளோடு வேளாங்கண்ணி கடற்கரையில் நடப்பதோ, எதுவாகவும் இருக்கலாம். “பழையபடி எதைச் செய்யணும்னு ஆசையா இருக்கு?” என்று மட்டும் கேளுங்கள்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். ஒரு செயல் நிலைக்க வேண்டுமானால் ‘இது என் முடிவு’ என்ற எண்ணமும், ‘என்னால் முடிகிறது’ என்ற நம்பிக்கையும், ‘எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள்’ என்ற உணர்வும் வேண்டும் என்றார்கள். உங்கள் வீட்டில் முதலாவது அடிபட்டுப் போயிருக்கிறது என்று நினைக்கிறேன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை “நடந்தீங்களா?” என்று கேட்கக் கேட்க, நடை உங்கள் வேலையாகிவிட்டது. அவர் டீக்கடை வரை போய்த் திரும்புவது உங்கள் சத்தத்துக்குக் கொடுக்கும் பதில். இதில் உங்கள் மேல் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் உட்கார்ந்திருந்த ராத்திரிகளை நினைத்தால், கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு மாதம் கேட்காமல் இருந்து பாருங்கள். மாத்திரை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஸ்டென்டில் இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது.

அவர் சரி என்று சொன்னால், அடுத்தது நேரமும் இடமும். விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் நடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மார்கழிப் பனியில் அவசரமாக எழுந்து ஓடுவதை இதய நோயாளிகளுக்கு நான் சொல்வதே இல்லை. சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு கமலாலயத்தின் கரை போதும். ஐந்து வேலி குளம். ஒரு சுற்று வந்தாலே ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். முதல் வாரம் பத்து நிமிடம் போதும், முடிந்தால் காலையும் மாலையும். முதல் சில நிமிடம் மெதுவாக, முடிக்கும்போதும் சில நிமிடம் மெதுவாக. சட்டென்று நின்றால் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தலைசுற்றல் வரும். வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டே போனால் ஒன்றரை மாதத்தில் டாக்டர் சொன்ன 40 நிமிடத்தைத் தொட்டுவிடலாம். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு, அதையும் தாண்டிவிடுவார். வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே வேகமாக நடக்க வேண்டாம். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பதால் நடக்கும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம், சட்டைப்பையில் கொஞ்சம் கல்கண்டு இருக்கட்டும்.

மழைக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள், ஏனென்றால் போன தடவை விழுந்த இடம் அதுதான். ‘மழை பெய்தால் எங்கே?’ என்ற கேள்விக்கு ஒரு பதில் முன்கூட்டியே இருக்க வேண்டும். வீட்டுக் கூடத்திலேயே முன்னும் பின்னும் நடக்கலாம். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காரலாம். தியாகராஜர் கோயில் பிரகாரமும் இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் பன்னிரண்டு வருஷச் சர்க்கரை என்பதால் ஒரு எச்சரிக்கை: பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், வெறுங்காலில் நீண்ட நேரம் கல் தரையில் நடப்பது ஆபத்து. சிறு கல் குத்தியதும் தெரியாது, வெயிலில் கல் சுட்டதும் தெரியாது. பாதத்தை டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு, அப்புறம் பிரகாரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் போகட்டும். லண்டனில் 96 பேரை வைத்து, ஒரு பழக்கம் தானாக வர எவ்வளவு நாள் ஆகும் என்று பார்த்தார்கள். சராசரியாக 66 நாள். சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள்கூட ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. ஆகவே ஒன்றரை மாதத்தில் அவர் நடை வேர்விடாமல் போனது அதிசயம் இல்லை.

அந்த டீக்கடையை விரோதியாகப் பார்க்காதீர்கள். அங்கே அவர் போவது டீக்காக மட்டும் என்றால், வீட்டிலேயே குடித்திருப்பார். ஓய்வு பெற்றவருக்குப் பேச ஆள் வேண்டும். அங்கே வருகிறவர்களில் இரண்டு பேராவது சர்க்கரைக்காரர்களாக, நடக்க வேண்டியவர்களாக இருப்பார்கள். குளத்தைச் சுற்றிவிட்டுக் கடைக்கு வருவது என்று அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டானால், அதைவிட நல்ல மருந்து என்னிடம் இல்லை. சர்க்கரை போடாத டீ, வடை கிடையாது. அதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

இனி உங்களைப் பற்றி. உங்களுக்கும் பிரஷர் மாத்திரை ஓடுகிறது என்பதைக் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வீட்டு வேலை உழைப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது அடுப்படியில் நின்றே களைக்கிற உழைப்பு. மூச்சு சற்று ஏறும்படி பத்து நிமிடம் தொடர்ந்து நடப்பது அதில் பெரும்பாலும் வருவதில்லை. பிரஷர் உள்ளவர்கள் ஒழுங்காக நடந்தால் மேல் அளவு ஐந்து முதல் எட்டுப் புள்ளி வரை குறையும், கிட்டத்தட்ட ஒரு மாத்திரையின் பலன். அவருக்குக் காவலாகப் போக வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெண்களோடு, உங்களுக்கு வசதியான நேரத்தில், உங்களுக்காகப் போங்கள். அந்த அரை மணி நேரத்துக்கு இரவு டிபனை யார் பார்ப்பது என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். நேரமில்லை என்பதன் உண்மையான அர்த்தம் பெரும்பாலும் அடுப்பைப் பார்க்க வேறு ஆளில்லை என்பதுதான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் தெருவுக்கு வருகிறவர்களிடம் உங்கள் பிரஷரையும் அளந்து குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசியாக, கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியவை. நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் எது வந்தாலும் உடனே உட்கார வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலும் வியர்வையுமாகவும் மாரடைப்பு வரலாம். நாக்குக்கடியில் வைக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், உட்கார்ந்த நிலையில் வைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். ‘வாயுவா இருக்கும், பார்ப்போம்’ என்று காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரி தூரம் என்றால், 2023 முதல் இதயம் காப்போம் திட்டத்தில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

இவ்வளவு மாதம் நடக்காமல் இருந்ததால், மறுபடி தொடங்கும் முன் ஒரு தடவை இதய டாக்டரைப் பார்த்துவிடுங்கள். மாத்திரைச் சீட்டு முழுவதையும் எடுத்துப் போங்கள். எவ்வளவு வேகம் வரை நடக்கலாம், டிரெட்மில் பரிசோதனை தேவையா, தேர் வீதி நாலையும் சுற்ற எப்போது தயாராவார் என்ற கேள்விகளை உங்கள் கணவரே கேட்கட்டும். நீங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும்.